பைனாகுலரா, கேமராவா, கைபேசியா: சிட்னிக் காட்டுக்கு முதலில் எது?

சிட்னியைச் சுற்றியுள்ள காடுகளில் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுமாறுவது செலவில்தான். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குவதா, நீள லென்ஸோடு கேமரா வாங்குவதா, கையில் ஏற்கெனவே இருக்கும் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்வதா? கடையில் கேட்டால் கருவியின் திறனைச் சொல்வார்கள். காட்டுக்கு அது பாதிப் பதில். எந்தப் பறவையை எதோடு குழப்பிக்கொள்கிறோம், அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் அடையாளம் உடம்பில் இருக்கிறதா குரலில் இருக்கிறதா, அது எத்தனை நொடி நமக்குக் கிடைக்கும் என்று பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளவுகோலாகச் சிட்னியின் தெற்கிலுள்ள ராயல் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1879இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. அதற்குள் ஆட்லி பக்கத்திலிருந்து ஹேக்கிங் ஆற்றோரமாக ஏறத்தாழ 10 கிலோமீட்டர் போகும் பழைய குதிரைவண்டிப் பாதைக்கு லேடி கேரிங்டன் டிரைவ் என்று பெயர். இப்போது அதில் நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும்தான் போகலாம். இருண்ட ஈரப் பள்ளத்தாக்கு, உயர்ந்த யூகலிப்டஸ் காடு, கடலோரக் குட்டைப்புதர் வெளி மூன்றும் ஒரே பூங்காவில் கிடைப்பதால், எந்தக் கருவி எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது இங்கே தெளிவாகத் தெரியும். உங்கள் வீட்டுக்கு அருகில் வேறு புறநகர்க் காடு இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம். முதல் பணம் 8×42 பைனாகுலருக்கு. கைபேசி கூடவே வரட்டும், சாட்சியாக. கேமரா ஓராண்டு கழித்து. இந்த வரிசை சிலருக்குப் பொருந்தாது. அவர்கள் யார் என்பது கடைசியில் வருகிறது.

எட்டா, பத்தா?

பைனாகுலரில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு எட்டைவிட மேல் என்று நினைப்பது இயல்பு. யூகலிப்டஸ் காட்டில் அது பல நேரம் நட்டம்.

காரணம் தார்ன்பில் போன்ற பறவைகள். பிரவுன் தார்ன்பில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம், 7 கிராம் எடை. ஒரு கிளையில் இரண்டு நொடி நிற்கும், மூன்றாவது நொடி இலைக்குப் பின்னால் போய்விடும். பொதுவான 8×42இல் ஆயிரம் மீட்டர் தொலைவில் 140 மீட்டர் அகலம் வரை தெரியும்; 10×42இல் 110 மீட்டர் அளவுதான். அதைக் காட்டின் தூரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 15 மீட்டர் தள்ளியிருக்கும் கிளையில் எட்டு மடங்கு 2.1 மீட்டர் அகலத்தைக் காட்டும், பத்து மடங்கு 1.65 மீட்டர். அந்த அரை மீட்டர்தான் பறவை இருக்கும் இடம். பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடுதலாகப் பெருகும்.

அடுத்தது வெளிச்சம். விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42க்கு 5.25 மில்லிமீட்டர், 10×42க்கு 4.2, 8×32க்கு 4, சட்டைப்பைக்குள் போகும் 10×25க்கு வெறும் 2.5. நல்ல வெயிலில் கண்மணி சுருங்கியிருப்பதால் இந்த வேறுபாடு தெரியாது. லேடி கேரிங்டன் டிரைவில் மரங்கள் கவிந்த ஈரப் பள்ளத்தில், காலை ஏழு மணிக்கு, 10×25 வைத்திருப்பவருக்கு யெல்லோ த்ரோட்டட் ஸ்க்ரப்ரென்னின் மஞ்சள் தொண்டை சாம்பலாகத் தெரியும். ‘பறவை பார்த்தேன், நிறம் தெரியவில்லை’ என்று சொல்பவர்களில் பலர் கையில் இருப்பது இந்தச் சிறிய பைனாகுலர்தான்.

பத்து மடங்கு வெல்லும் இடமும் உண்டு. கடலோரக் குட்டைப்புதர் வெளி, ஏரிக்கரை, சேற்றுநிலம் என்று பறவை தூரத்தில், திறந்த இடத்தில், சற்று நேரம் நிற்கும் இடங்கள் அவை. வாரந்தோறும் போகப்போவது அங்கே என்றால் தாராளமாகப் பத்து வாங்கலாம். 8×32 எடை குறைவு. 42இன் வகைகள் 600 முதல் 750 கிராம் இருக்கும்போது இவை பெரும்பாலும் 450 முதல் 550க்குள் இருக்கும். கழுத்து வலிக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். தோளில் தாங்கும் பட்டை வாங்கிக்கொண்டால் 42ஐயும் நாள் முழுக்கச் சுமக்கலாம்.

வாங்கும்போது இரண்டு எண்களைக் கட்டாயம் பாருங்கள். கண்ணாடி அணிகிறவர் என்றால் கண்ணுக்கும் பின்வில்லைக்கும் இடையே அனுமதிக்கப்படும் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் படத்தின் ஓரம் முழுவதும் கறுப்பு வளையம். கிட்டக் குவியும் தூரம் 2 முதல் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே ஃபெய்ரிரென் என்ற சிறு பறவைகள் காலடிக்கே வரும். 300 முதல் 500 ஆஸ்திரேலிய டாலருக்குள் பல ஆண்டு உழைக்கும் 8×42 கிடைக்கும். மிக மலிவான வகைகளில் உள்ளே இருக்கும் பட்டகங்கள் சிறிய அடியிலேயே இடம் பிசகும். பிறகு இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம், அரை மணியில் தலைவலி.

நல்ல பைனாகுலரையும் சரிசெய்யாமல் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். முதலில் நடுமடிப்பை அசைத்து இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கொண்டுவாருங்கள். கண்ணாடி அணியாதவர் கண்குவளையை வெளியே திருகி வைக்க வேண்டும், அணிபவர் உள்ளே. வலக்கண்ணை மூடி, 20 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சுள்ளியை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இப்போது இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருகி அதே சுள்ளியைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பையில் உரசி நகர்ந்தாலும் திரும்ப வைத்துவிடலாம். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவைமேல் வைத்தபடியே கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். பூங்காவில் தவறவிடப்படும் பறவைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நொடியில்தான் தவறுகின்றன.

இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்கு: இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். சிட்னியில் ஜூன் மாத நண்பகலில் அடிவானத்திலிருந்து 33 பாகை உயரம்கூட ஏறாது. வடக்கே முகம் வைத்து மர உச்சியைப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வடக்குக்கு முதுகு கொடுத்து நில்லுங்கள்.

பைனாகுலர் தீர்த்துவைக்கும் குழப்பங்கள்

தார்ன்பில்லுக்கே திரும்புவோம். அடிப்புதரில் திரிவது, சிவந்த கண், நெற்றியில் செம்பழுப்புச் செதில் கோலம், மார்பில் கரிய கீற்றுகள் என்றால் பிரவுன் தார்ன்பில். உயரத்தில் யூகலிப்டஸ் இலைகளுக்குள் சிறு கூட்டமாக, உச்சந்தலையில் மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு இருந்தால் ஸ்ட்ரையேட்டட் தார்ன்பில். வேல மரத்திலோ சவுக்கிலோ, கறுத்த கண்ணோடு, மார்பில் கீற்று இல்லாமல் மஞ்சளாக இருந்தால் யெல்லோ தார்ன்பில். எந்த உயரம், எந்த மரம் என்பதே பாதி அடையாளம். கேமராவின் சட்டகத்துக்குள் அந்தப் பாதி வராது. பைனாகுலர்காரர் முழுக் காட்சியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இனப்பெருக்கக் கால நிறத்தில் இருக்கும் ஃபெய்ரிரென் ஆண்களில் குழப்பம் இல்லை. தோளில் செம்பழுப்பு இருந்தால் வேரியகேட்டட், இல்லையேல் சூப்பர்ப். பெண்களில்தான் தடுமாற்றம். சூப்பர்ப் பெண்ணுக்கு வால் பழுப்பு, அலகும் கண்ணைச் சுற்றிய இடமும் செம்மஞ்சள். வேரியகேட்டட் பெண்ணுக்கு வாலில் மங்கிய நீலம் ஓடும். வாலைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

மைனா விஷயம் நம்மவர்களுக்கென்றே உள்ள பொறி. ஊரில் பார்த்த அதே நாகணவாய் இங்கேயும் உண்டு. 1862இல் மெல்போர்னில் கொண்டுவந்து விடப்பட்டது. பழுப்பு உடம்பு, மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு. ஆனால் ஆங்கிலத்தில் ஏறத்தாழ அதே ஒலியுடைய பெயரில் நாய்ஸி மைனர் என்று ஒன்று இருக்கிறது. சாம்பல் உடம்பு, கறுத்த உச்சி. இது இந்த மண்ணின் தேன்சிட்டையொத்த ஹனியீட்டர் குடும்பம், மைனாவுக்கு உறவே இல்லை. கண்ணுக்குப் பின்னால் இரண்டுக்கும் மஞ்சள் தோல் இருப்பதால் குழப்பம். பறவை பார்ப்பவருக்கு நாய்ஸி மைனர் வேறு ஒரு செய்தியும் சொல்கிறது: அது கூட்டமாக ஆளும் இடத்தில் சிறு பறவைகளை விரட்டிவிடும். 2014இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு இந்த விரட்டலைச் சூழலுக்கான முக்கிய அச்சுறுத்தல் பட்டியலிலேயே சேர்த்தது. புல்வெளியும் தனித்தனி மரங்களுமாக இருக்கும் பூங்காவில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் தார்ன்பில் வராது. அடிப்புதர் அடர்ந்த இடத்துக்குப் போங்கள்.

கைபேசி: காது வெல்லும் இடம்

அண்டங்காக்கை போலக் கறுப்பாக, வெள்ளைக் கண்ணோடு ஒரு ரேவன் மரத்தில் அமர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியன் ரேவனா, லிட்டில் ரேவனா? தொண்டையில் நீண்ட இறகுத் தாடி தெரிந்தால் முன்னது. கண்ணால் இதைத் தீர்ப்பது பல நேரம் பாடு. அது வாயைத் திறக்கட்டும். கடைசி ஒலி குழந்தை அழுது ஓய்வதுபோல நீண்டு இறங்கினால் ஆஸ்திரேலியன் ரேவன். சிட்னியில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் அதுதான். குட்டையான வறண்ட கத்தலும், ஒவ்வொரு கத்தலுக்கும் இறக்கை மேலே சொடுக்குவதும் லிட்டில் ரேவன்.

குயில்களும் காதுக்கு உரியவை. ஃபேன் டெய்ல்டு குக்கூவின் சோகமான இறங்குமுகச் சுழல் ஒலியைக் கேட்காமல் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. செப்டம்பர், அக்டோபரில் சிட்னி முழுக்க விடியுமுன்னே கூவத் தொடங்கும் குரல் ஒன்று நம்மவர்களை நிறுத்திவிடும். ஈஸ்டர்ன் கோயல். ஊர்க் குயிலின் நெருங்கிய உறவு. ஆண் அதே கறுப்பு, அதே சிவந்த கண். ஊரில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் வழக்கத்தை இது இங்கே ரெட் வாட்டில்பேர்ட் போன்றவற்றின் கூட்டில் நடத்துகிறது. கோடை முடிந்ததும் வடக்கே போய்விடும்.

கைபேசிச் செயலிகளில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் இலவசம். ஆஸ்திரேலியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், பள்ளத்தாக்குக்குள் இணைப்பு கிடைக்காது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி எதுவாக இருந்தாலும் சிட்னிக் காட்டில் அது தவறும் இடங்கள் மூன்று.

முதலாவது லயர்பேர்ட் எனும் யாழ்ப்பறவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆண் பறவை விப்பேர்ட், கூக்கபரா, ரோசெல்லா, சாட்டின் பவர்பேர்ட் என ஒவ்வொன்றின் குரலையும் அச்சாகப் பாடும். செயலி ஒரே நிமிடத்தில் ஏழெட்டுப் பெயர்களை அடுக்கும். எல்லாம் ஒரே புதரிலிருந்து, ஒவ்வொன்றும் சில நொடி மட்டும், இடைவெளியின்றி, வழக்கத்தைவிட உரக்க வந்தால் அங்கே இருப்பது ஒரே பறவை. திரையில் வந்த பெயர்களையெல்லாம் பட்டியலில் ஏற்றிவிடுவது மன்னிக்க முடியாத பிழை. அந்தப் பட்டியல் பிறருடைய ஆய்வுக்குப் போகிறது.

இரண்டாவது ஈஸ்டர்ன் விப்பேர்ட். நீண்ட சீட்டியும் சாட்டை வீச்சும் ஆண் பறவை. உடனே பின்தொடரும் ‘சூ சூ’ பெண்ணின் பதில். கேட்பவருக்கு ஒரே பாட்டு, உண்மையில் இரண்டு பறவைகள். பெயர் சரியாக வந்தாலும் எண்ணிக்கை தப்பும்.

மூன்றாவது சில்வண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை வெயில் ஏறினால் சிகாடாக்கள் காட்டையே நிறைத்துவிடும், ஒலிவாங்கிக்கு வேறெதுவும் கேட்காது. அந்த மாதங்களில் ஒலிப்பதிவு விடியலோடு முடிய வேண்டும். மற்ற நாட்களிலும் ஓடையிலிருந்து தள்ளி நின்று, கைபேசியை உடையில் உரசாமல் நீட்டிப் பிடித்து, அசையாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள்.

செயலி சொன்ன பெயரைக் கண்ணால் உறுதிசெய்யும்வரை ஊகமாகவே வைத்திருங்கள். பதிவு செய்த குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டு வரும். முட்டை குளிரும், குஞ்சு பசிக்கும்.

கேமரா

கேமராவை மூன்றாவது இடத்தில் வைப்பதற்குக் காரணம் அதன் குறைபாடு என்பதைவிட, தொடக்கக்காரரின் கவனத்தை அது தின்றுவிடும் என்பதே. இலைச்செறிவில் தானியங்கிக் குவியம் முன்னால் இருக்கும் சுள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஈரப் பள்ளத்தில் f/6.3 திறப்புள்ள லென்ஸோடு 1/800 நொடி வேகம் வேண்டுமென்றால் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும், நுண்ணிறங்கள் கரையும். மரநிழலின் பச்சை எல்லாப் பறவைமேலும் படியும். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த நான்கு பறவைகள் போயிருக்கும்.

ஆனால் சில குழப்பங்களைக் கேமராதான் தீர்க்கும். கரையோரப் புதர்வெளியில் பேங்க்ஸியா பூக்கும் குளிர்காலத்தில் நியூ ஹாலண்ட் ஹனியீட்டரும் வைட் சீக்டு ஹனியீட்டரும் ஒரே மாதிரிக் கறுப்பு, வெள்ளை, மஞ்சளில் பாய்ந்து திரியும். முதலாவதுக்கு வெள்ளைக் கண். இரண்டாவதுக்குக் கரிய கண், கன்னத்தில் பெரிய வெள்ளைத் திட்டு. ஓடும் பறவையில் கண்ணின் நிறத்தை உறைய வைக்க 1/1000 நொடி வேண்டும்.

தலைக்குமேல் கடந்துபோகும் பிரவுன் காஷாக், காலர்டு ஸ்பேரோஹாக் இரண்டும் இன்னொரு புகழ்பெற்ற இரட்டை. விரித்த வால்நுனி வட்டமா, சதுரமா என்பதை நாலு படம் அடுத்தடுத்து எடுத்து வீட்டில் நிதானமாகப் பார்த்தால்தான் சொல்லலாம்; சில நேரம் அப்போதும் சொல்ல முடியாது. சாட்டின் பவர்பேர்ட் பெண்ணும் கிரீன் கேட்பேர்டும் பச்சையாகக் கிளைக்குள் ஒளியும். நீல ஊதாக் கண் பவர்பேர்டுக்கு, சிவந்த கண் கேட்பேர்டுக்கு. இளம் ஆண் பவர்பேர்டும் ஏறத்தாழ ஏழாவது ஆண்டுவரை பச்சைதான் என்பதால் ‘பச்சை என்றால் பெண்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எடுக்கும்போது ஒற்றைப்புள்ளிக் குவியத்தை வைத்துக்கொண்டு மூன்று கோணம் தேடுங்கள்: பக்கவாட்டு, முகம், முதுகோடு வால். அழகான ஒரே படத்தைவிட மங்கலான இந்த மூன்றும் அடையாளத்துக்கு உதவும்.

பார்த்ததை எங்கே பதிவது?

கருவியைப் பொறுத்துத்தான் இதுவும். பைனாகுலரோடு நடந்து எல்லாப் பறவைகளையும் எண்ணுகிறவருக்குப் பறவைப் பட்டியல் பதியும் தளமான இபேர்ட் வசதி: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை. பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியாவின் பேர்ட்டேட்டா தளத்தில் 2 ஹெக்டேர் பரப்பை 20 நிமிடம் தேடும் முறை உண்டு. 100 மீட்டருக்கு 200 மீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே இடத்தை மாதந்தோறும் அளந்தால் வருகையும் குறைவும் தெரியும் என்பதால், ஒரே காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இதுவே மேல்.

கேமரா வைத்திருப்பவருக்கு, படத்தைப் பதிந்தால் பிறர் அடையாளம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளம். பறவை மட்டுமன்றி வாட்டர் டிராகன், மரத்தில் ஏறும் லேஸ் மானிட்டர் உடும்பு, காளான் எல்லாம் ஏற்கும். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போனால் பதிவு ஆய்வுத்தரம் பெறும். கணினி காட்டும் முதல் பெயரை அப்படியே அழுத்திவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. உறுதியில்லையென்றால் குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். அருகிவரும் இனங்களின் இடத்தை இந்தத் தளம் தானாகவே மங்கலாக்கும். பகலில் மரத்தில் தூங்கும் பவர்ஃபுல் ஆந்தையைக் கண்டால், படத்தோடு மரத்தின் இடத்தைச் சமூக ஊடகத்தில் போட்டு அந்தக் காவலை நீங்களே உடைத்துவிடாதீர்கள்.

தவளைக்குக் கைபேசி ஒன்றே போதும். ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017இல் தொடங்கிய ஃபிராக்ஐடியில் 20 முதல் 60 நொடி ஒலியைப் பதிந்து அனுப்பினால் நிபுணர்கள் கேட்டுப் பெயர் சொல்வார்கள். ‘டொக்’ என்று பந்தடிப்பதுபோல ஒலிப்பது ஸ்ட்ரைப்டு மார்ஷ் தவளை என்பது இரண்டாவது முறை கேட்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எந்தக் கருவியானாலும் புதரோரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் காது மடல், கழுத்து, இடுப்புப் பகுதியில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கிழக்குக் கரையின் முடக்கு உண்ணியை நகத்தால் கிள்ளியெடுக்கக் கூடாது. பிதுங்கினால் அதன் உமிழ்நீர் உடலுக்குள் இறங்கும். அதற்கென மருந்துக்கடையில் விற்கும் உறையவைக்கும் தெளிப்பானால் இருந்த இடத்திலேயே கொல்ல வேண்டும். காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் பூங்கா மூடப்படலாம், புறப்படுமுன் பாருங்கள்.

வரிசை மாறுகிறவர்கள்

கை நடுங்குகிறவர் எட்டுக்கு மேல் நினைக்கவே வேண்டாம். எடை குறைந்த 8×32ஐ மரத்தில் சாய்ந்து பிடிப்பது அவருக்குச் சரி. பறவையைவிடப் பூச்சி, பல்லி, பூ எல்லாவற்றையும் பதிய விரும்புகிறவருக்குக் கேமராவே முதலில் வரலாம். ஐந்து வயதுக் குழந்தையோடு போகிறவர் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டு அதன் கையைப் பிடித்து நடக்க முடியாது, கைபேசியும் காதும் போதும்.

அறுபதைக் கடந்தவர்களுக்கு உயர்ந்த சுருதிகள் முதலில் மறையும். தார்ன்பில்லும் ஃபெய்ரிரென்னும் பக்கத்திலேயே பாடினாலும் கேட்காது, காடு வெறுமையாக இருக்கிறது என்றே தோன்றும். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் பலர் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு வரிசையைத் திருப்பிப் போடுங்கள். குரல் ஒலிக்கும்போது அதைக் கோடுகளாகத் திரையில் ஓடவிடும் செயலி முதலில் கையில் இருக்கட்டும். திரையின் மேல்விளிம்பில் கோடு ஓடினால் ஏதோ ஒரு சிறு பறவை அருகில் பாடுகிறது என்று பொருள். அப்போது நின்று, அடிப்புதரில் முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம்வரை மெல்லக் கண்ணால் தேடி, அசைவு தெரிந்த இடத்துக்கு 8×42ஐ உயர்த்தச் சொல்லுங்கள்.